நாள் பார்த்துத்தான் கத்தி வைக்க வேண்டுமா?

பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் தேதி குறித்தாயிற்று. சரியாக அன்றைக்குத்தான் எனக்கு மாதவிலக்கின் மூன்றாம் நாள். "தூரமாக இருக்கும்போது அறுத்தால் ரத்தம் நிற்காமல் போகும், பத்து நாள் தள்ளிப் போடு" என்கிறார் மாமியார். தள்ளிப் போடட்டுமா?
*- ஆரம்பாக்கம் வாசகி*

வேண்டாம். குறித்த தேதியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாமியாரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே ரத்தம் போகிற உடம்பில் இன்னொரு இடத்தில் கத்தி வைத்தால் என்ன ஆகுமோ என்று யாருக்கும் தோன்றும். ஆனால் மாதவிலக்கு என்பது உடம்பு முழுக்க ரத்தம் நீர்த்துப்போகிற சமாச்சாரம் அல்ல. கர்ப்பப்பையின் உள்சுவரில் மட்டும் நடக்கிற வேலை. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் இறங்கியதும், அந்தச் சுவருக்கு ரத்தம் கொண்டுவரும் சுருள் நாளங்கள் சுருங்கி, சுவர் உரிகிறது. அங்கே உறைகிற ரத்தத்தைக் கரைத்து வெளியே அனுப்பும் நொதிகளும் அங்கேயே சுரக்கின்றன. கல்லீரலுக்குக் கீழே தொங்குகிற பித்தப்பைக்கு இதெல்லாம் தெரியாது. அங்கே போகும் ரத்தக்குழாயைக் கிளிப் போட்டு மூடினால், மற்ற நாட்களில் மூடுவதுபோலவே மூடிக்கொள்ளும்.

கணக்கையும் பாருங்கள். மாதவிலக்கின் எல்லா நாட்களையும் சேர்த்து சராசரியாகப் போகும் ரத்தம் 30 முதல் 40 மில்லி. அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி. 55 கிலோ எடையுள்ள பெண்ணின் உடம்பில் ஓடுவது ஏறக்குறைய மூன்றரை லிட்டர்.

தேதியைத் தள்ளினால் நஷ்டம் உங்களுக்குத்தான். கல் குழாயில் இறங்கி அடைத்துக்கொண்டால் மஞ்சள் காமாலையும் காய்ச்சலும் வந்து, நடுராத்திரியில் 108-க்குப் போன் போட வேண்டியிருக்கும்.

அப்படியானால் ஒரு துளிகூட வித்தியாசம் கிடையாதா?
*- எளாவூர் கல்லூரி மாணவி*

ஒரு துளி உண்டு. ரத்தம் உறைய உதவும் புரதங்களில் 'வான் வில்லிபிராண்டு காரணி' என்று ஒன்று, 'எட்டாம் காரணி' என்று இன்னொன்று. இவை இரண்டும் மாதவிலக்கின் முதல் சில நாட்களில் கொஞ்சம் இறங்கி, பிறகு ஏறுகின்றன. ஆரோக்கியமான பெண்ணிடம் அந்த இறக்கம் இயல்பான எல்லைக்குள்ளேயே நின்றுவிடும். மூக்குத் திருத்தம், மார்பகச் சிறிதாக்கம் போன்ற ஆபரேஷன்களில் சிறு சிறு ஆய்வுகள் செய்து பார்த்தார்கள். சிலவற்றில் மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் ரத்தப்போக்கு சற்றுக் கூடுதல், சிலவற்றில் வித்தியாசமே இல்லை. ஆபரேஷன் பட்டியலையே மாற்றி எழுதும் அளவுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

இந்த இறக்கத்தால் ஓர் உபகாரமும் உண்டு. உறைதல் குறைபாடு இருக்குமோ என்று சந்தேகப்பட்டால், அந்த முதல் நாட்களிலேயே ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். குறை இருந்தால் அப்போது அகப்பட வாய்ப்பு அதிகம்.

பல் பிடுங்கலாமா?
*- கவரைப்பேட்டை வாசகி*

பிடுங்கலாம். வலி தாங்க முடியாத பல், காலண்டர் பார்த்துக்கொண்டு காத்திருக்காது.

எனக்கு மாதாமாதம் எட்டு ஒன்பது நாள் போகும். ராத்திரியில் எழுந்து இரண்டு தடவை பேட் மாற்றுவேன். அம்மாவுக்கும் சித்திக்கும் இப்படித்தான். "நம்ம குடும்பத்து உடம்புவாகு" என்று விட்டுவிட்டோம். இப்போது தைராய்டு கட்டிக்கு ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?
*- கும்மிடிப்பூண்டி வாசகி*

இந்த வாரம் வந்ததிலேயே முக்கியமான கடிதம் உங்களுடையது. மற்ற எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் மேஜையில் நீங்கள் எந்த நாளில் படுக்கிறீர்கள் என்பது அவ்வளவு பெரிய விஷயமல்ல. மாதாமாதம் உங்களுக்கு எவ்வளவு போகிறது என்பதுதான் பெரிய விஷயம். ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, ஒரு மணி நேரத்திலேயே பேட் முழுக்க நனைவது, பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கட்டி கட்டியாக விழுவது, இரண்டு பேட் சேர்த்து வைக்க வேண்டியிருப்பது: இவையெல்லாம் அதிக ரத்தப்போக்கின் அடையாளம். மருத்துவப் புத்தகம் 80 மில்லிக்கு மேல் என்று அளவு வைத்திருக்கிறது. யாரும் வீட்டில் அளந்து பார்ப்பதில்லை என்பதால், பேட்டும் கட்டியும்தான் நமக்கு அளவுகோல்.

நார்த்திசுக் கட்டி, பாலிப், தைராய்டு குறைவு என்று இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். உங்கள் தைராய்டையே முதலில் விசாரிப்பார்கள். ஆனால் அம்மா, சித்தி, நீங்கள் என்று வரிசையாக வருவதால் பரம்பரை உறைதல் குறைபாட்டையும் பார்த்தே ஆக வேண்டும். 1924-இல் ஆலந்து தீவுகளிலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை ஹெல்சின்கியில் இருந்த எரிக் வான் வில்லிபிராண்டு என்ற மருத்துவரிடம் கொண்டுவந்தார்கள். மூக்கிலும் உதட்டிலும் அடிக்கடி ரத்தம் கொட்டும் குழந்தை. அவளுடைய குடும்பத்தையே ஆராய்ந்து, 1926-இல் அவர் ஒரு புது நோயை உலகுக்கு அறிவித்தார். அந்தப் பெண் வயதுக்கு வந்து, நான்காவது மாதவிலக்கிலேயே ரத்தம் நிற்காமல் இறந்துபோனாள். அப்போது அவளுக்கு வயது 13. அந்த நோய் இன்றைக்கு அவர் பெயரில் இருக்கிறது. பரம்பரை ரத்தக்கசிவு நோய்களிலேயே அதிகம் காணப்படுவது அதுதான் என்கிறார்கள் மருத்துவர்கள்.

அவளுக்கு அப்போது இல்லாத மருந்துகள் இன்றைக்கு நமக்கு இருக்கின்றன. முன்கூட்டியே தெரிந்தால், ஆபரேஷனுக்கு முன்பே டெஸ்மோபிரசின், டிரானெக்ஸாமிக் ஆசிட், தேவைப்பட்டால் உறைதல் காரணியே ஊசியாக என்று ஏற்றித் தயாராகிவிடுவார்கள். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு கழுத்துக்குள் ரத்தம் கட்டினால் மூச்சுக்குழாயே அமுங்கிவிடும் என்பதால் உங்கள் விஷயத்தில் இது இரட்டிப்பு முக்கியம். வேலூர் சி.எம்.சி.யின் ரத்தவியல் துறை இதில் பல்லாண்டு அனுபவம் உள்ள இடம். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் முடிக்கும் குடும்பங்களில் சில அரிய உறைதல் குறைபாடுகள் கூடுதலாகத் தென்படும். உங்கள் வீட்டில் அப்படி நடந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பல் பிடுங்கியபோது, பிரசவத்தின்போது, காது குத்தியபோது ரத்தம் நிற்கத் தாமதமானதா? இந்த மூன்று கேள்விக்கான பதில், வழக்கமாக எடுக்கும் பி.டி., சி.டி. (ரத்தம் நிற்கும் நேரம், உறையும் நேரம்) பரிசோதனைச் சீட்டைவிடப் பல நேரம் அதிகம் பேசும்.

டிரானெக்ஸாமிக் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மாதவிலக்குக்கும் இதுவே, ஆபரேஷனுக்கும் இதுவேயா?
*- பொன்னேரி வாசகி*

ஒரே மருந்துதான். உறைந்த ரத்தம் சீக்கிரம் கரைந்துவிடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. 1962-இல் ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ என்ற பெண் விஞ்ஞானி, கணவரோடு சேர்ந்து கண்டுபிடித்தார். பிரசவத்தில் ரத்தம் போய் இறக்கும் தாய்மார்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஊரில் யாரும் அதைச் சோதித்துப் பார்க்க முன்வரவில்லை. 20,000 பெண்களிடம் நடந்த உலகளாவிய ஆய்வு அவருடைய ஆசை சரி என்று காட்டியது 2017-இல். அவர் 2016-இலேயே காலமாகிவிட்டார். இந்த ஒரு மாத்திரையைப் பற்றி எழுதும்போதெல்லாம் அந்த அம்மாளின் பெயரைச் சொல்லாமல் எனக்கு மனம் வராது.

காலில் ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்கள் இதைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது.

ஆபரேஷன் அன்று பீரியட்ஸ் வராமல் இருக்க, கல்யாணம் காட்சிக்குப் போடுகிற தள்ளிப்போடும் மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா? மெடிக்கலில் சீட்டே இல்லாமல் தருகிறார்களே!
*- சுண்ணாம்புக்குளம் வாசகி*

மெடிக்கல்காரர் தருவார். ஆபரேஷனுக்குப் பிறகு உங்களைக் கவனிக்கப்போவது அவர் இல்லையே.

அந்த நோரெதிஸ்டிரோன் மாத்திரையில் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் ரத்தக்கட்டு வாய்ப்பைக் கூட்டும். ஆபரேஷன் முடிந்து படுக்கையிலேயே கிடக்கும் நாட்களும் அதே வாய்ப்பைக் கூட்டும். இரண்டும் சேர வேண்டாம். மாலா-டி, மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இதே காரணத்துக்காகத்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெரிய ஆபரேஷன் என்றால் நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். நிறுத்துகிற நாட்களுக்கு வேறு ஏற்பாட்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பயம், பட்டினி, வலி எல்லாம் சேர்ந்து சுழற்சியையே முன்னே பின்னே தள்ளும். நீங்கள் மாத்திரை போட்டுக் கட்டிப்போட்டாலும், ஆபரேஷன் முடிந்த கையோடு வந்து நிற்கலாம்.

வயிற்று வலிக்குக் கம்பெனியில் ஒரு மாத்திரை தருவார்கள். அட்டையில் இருந்து கிழித்த மாத்திரை, பேர் தெரியாது. அதுவும் ரத்தத்துக்கு ஏதாவது செய்யுமா?
*- ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் ஷிப்டுக்குப் போகும் பெண்*

செய்யலாம். அதனால்தான் பேர் தெரிந்தாக வேண்டும். தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை பார்க்கும் நூறு பெண்களிடம் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் பேசி, 2019-இல் ஒரு செய்தி வெளியிட்டார்கள். மாதவிலக்கு வலிக்கு வேலையிடத்திலேயே மாத்திரை, சீட்டு இல்லை, பெயர் இல்லை, பக்கவிளைவு பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதுதான் அதில் வந்த விஷயம். மெஷினை விட்டு எழுந்து போகாமல் இருப்பதற்காகக் கொடுக்கிற மாத்திரை, உங்கள் உடம்புக்காகக் கொடுக்கிற மருந்து ஆகாது.

வலி மாத்திரைகளில் பல, ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும். இப்யூபுரூஃபனின் வேகம் ஒரு நாளில் அடங்கிவிடும். ஆஸ்பிரின் அப்படி இல்லை, ஒரு மாத்திரையின் விளைவே ஒரு வாரம் பத்து நாள் நிற்கும். மாதவிலக்கு அன்றைக்கு ஆபரேஷன் செய்து ரத்தம் கூடுதலாகப் போனால், விலக்கைக் குற்றம் சொல்வதற்கு முன் அதற்காக விழுங்கிய மாத்திரையை விசாரிக்க வேண்டும். மறுமுறை அட்டையையே கேட்டு வாங்கி, பெயரைப் போனில் படம் எடுத்து, மயக்க டாக்டரிடம் காட்டுங்கள். இதய நோய்க்காக டாக்டர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினை மட்டும் யாரும் தாமாக நிறுத்திவிடாதீர்கள்.

"ரத்தம் ஏறட்டும், பிறகு பார்க்கலாம்" என்று என் மனைவியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஹீமோகுளோபின் 8.4. இதற்கும் மாதவிலக்குக்கும் சம்பந்தம் உண்டா?
*- சிப்காட் ஊழியர்*

சம்பந்தம் இங்கேதான் இருக்கிறது. ஆபரேஷன் அன்றைக்குப் போகிற இரண்டு கரண்டி ரத்தம் பெரிதல்ல. பத்து வருஷமாக மாதாமாதம் போய், ஈடுகட்டப்படாத ரத்தம்தான் பெரிது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். உங்கள் மனைவியின் 8.4-இல் ஆபரேஷனைத் தொடங்கினால், மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் சாதாரண ரத்த இழப்பே அவரை ரத்தம் ஏற்றும் நிலைக்குக் கொண்டுபோகும். திருப்பி அனுப்பியவர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

இரும்புச்சத்து மாத்திரைக்கு மேல் டீ குடிக்கக் கூடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறு கூட இருந்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு கிராம் ஏறினால் நல்ல வேகம். அவசரம் இருந்தால் இரும்பை ஊசியாகவே ஏற்றுவார்கள். போகிற வழியை அடைக்காமல் வருகிற வழியை மட்டும் திறந்து பயனில்லை என்பதால், அவருக்கு எத்தனை நாள் போகிறது என்று இன்றைக்கே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் என்ன, கணவர்தானே!

இந்தத் தொல்லையே வேண்டாம், கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். வயது 34.
*- ஊத்துக்கோட்டை வாசகி*

அக்காவிடம் பேச்சை மாற்றுங்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களில் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019-இல் வெளிச்சத்துக்கு வந்தது. விலக்கு நாளில் வேலைக்கு வராவிட்டால் கூலி பிடிப்பு, அதற்குப் பயந்து ஆபரேஷன். தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை அமல்படுத்தச் சொல்லி 2023-இல் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மாத்திரை, ஹார்மோன் வெளியிடும் கர்ப்பப்பை வளையம், பாலிப்பை மட்டும் எடுப்பது என்று இடையில் எத்தனையோ படிகள் இருக்கின்றன. எல்லாம் ஏறிப் பார்த்த பிறகும் நிற்காவிட்டால், அப்போது பேசலாம்.

எந்த ஆபரேஷனுக்குமே நாள் பார்க்க வேண்டாமா?
*- பெரியபாளையம் வாசகர்*

கர்ப்பப்பையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவற்றுக்குப் பார்ப்பார்கள். உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டிராஸ்கோபிக்கு விலக்கு முடிந்த கையோடு வரச் சொல்வார்கள், அப்போது உள்சுவர் மெல்லிசாக இருக்கும், பாலிப் தெளிவாகத் தெரியும். பிரசவத்தையொட்டிச் செய்யாத குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனை விலக்கையொட்டிய ஏழு நாளுக்குள் செய்வது வழக்கம். காரணம் ரத்தப்போக்கு அல்ல, கரு தங்கியிருக்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு ரத்தம் நின்ற பிறகு போவது நல்லது.

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனை மாதவிலக்கு சுழற்சியின் குறிப்பிட்ட நாட்களில் செய்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்று எப்போதோ படித்தேன். என் தங்கைக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். தூக்கமே இல்லை.
*- பழவேற்காடு வாசகி*

நீங்கள் படித்தது கட்டுக்கதை அல்ல. ஆனால் அந்தக் கதையின் முதல் பாதியைத்தான் படித்திருக்கிறீர்கள்.

1991-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ராஜேந்திர பட்வே என்ற இந்திய மருத்துவரும் சகாக்களும் 249 பெண்களின் பழைய கோப்புகளைப் புரட்டினார்கள். கடைசி விலக்கு தொடங்கி 3 முதல் 12 நாட்களுக்குள் ஆபரேஷன் ஆனவர்களில் பத்தாண்டு உயிரோடு இருந்தவர்கள் 54 சதவீதம். மற்ற நாட்களில் ஆனவர்களில் 84 சதவீதம். லான்செட் இதழில் வந்ததும் உலகமே அதிர்ந்தது. முடிவு இவ்வளவு பெரிதாக இருந்தால் யார்தான் காலண்டர் பார்க்க மாட்டார்கள்?

எனக்குப் பட்வேயிடம் பிடித்தது, அவர் அதோடு நிற்கவில்லை என்பதுதான். இந்தியா திரும்பி, மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இருந்தபடி 1,000 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு ஆபரேஷனுக்கு முன் ஒரு புரோஜெஸ்டிரோன் ஊசி, மறு குழுவுக்கு ஊசி இல்லை. நல்ல நாளுக்குக் காத்திருப்பதற்குப் பதில், அந்த நாளின் ஹார்மோனையே ஊசியில் கொடுத்துப் பார்க்கும் யோசனை. 2011-இல் முடிவு வந்தது. மொத்தத்தில் உறுதியான பலன் இல்லை. அக்குள் நெறிக்கட்டிகளில் நோய் பரவியிருந்தவர்களிடம் மட்டும் கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தது. பிரிட்டனில் பெண்களை முன்கூட்டியே சேர்த்துக்கொண்டு வருஷக்கணக்கில் கவனித்த ஆய்விலும், ஆபரேஷன் நாளுக்கும் ஆயுளுக்கும் தொடர்பு தெரியவில்லை. பழைய கோப்புகளில் பிரம்மாண்டமாகத் தெரிவது, நேருக்கு நேர் சோதிக்கும்போது கரைந்துபோவது மருத்துவத்தில் அடிக்கடி நடப்பது.

புற்றுநோய் மருத்துவமனைகள் இன்றைக்கு வழக்கமாக விலக்கு நாள் பார்த்துத் தேதி தருவதில்லை. அடுத்த வாரம் என்றால் அடுத்த வாரமே தங்கையைக் கூட்டிப் போங்கள். தாமதம்தான் அவளுக்குக் கெடுதல்.

ரத்த தானம் செய்யலாமா?
*- கும்மிடிப்பூண்டி வாசகி*

இந்திய விதிப்படி அந்த நாட்களில் எடுக்க மாட்டார்கள். ரத்தம் கெட்டது என்று அர்த்தமில்லை. விலக்கு முடிந்து, எடை 45 கிலோவும் ஹீமோகுளோபின் 12.5-ம் இருந்தால் தாராளமாகப் போங்கள்.

தியேட்டரில் சாமி படம் மாட்டியிருக்கிறதே. தீட்டோடு உள்ளே போவது பாவமில்லையா?
*- ஆரம்பாக்கம் மூத்த வாசகி*

அம்மா, அந்தத் தியேட்டருக்குள் நிற்கிற பெண் டாக்டருக்கும், நர்சுக்கும், தரை துடைக்கிற அக்காவுக்கும் மாதாமாதம் இதே நாட்கள் வருகின்றன. அவர்கள் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தால் தமிழ்நாட்டில் பாதி பிரசவம் நடந்திருக்காது. சாமி அவர்களை விரட்டவில்லை. ஆபரேஷனுக்குப் போகும் பெண்ணையும் விரட்டாது.

என் லைனில் வேலை பார்க்கும் பெண் ஆபரேஷனுக்கு என்று லீவு எடுத்தாள். "பீரியட்ஸ் வந்துவிட்டது, அனுப்பிவிட்டார்கள்" என்று திரும்பி வந்தாள். இப்போது மறுபடி லீவு கேட்கிறாள். நம்புவதா?
*- ஒரு சூப்பர்வைசர்*

நம்புங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடப்பதில்லை, சில இடங்களில் பழக்கதோஷத்தில் தள்ளிவிடுகிறார்கள். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு நாள் சம்பளமும் வருகைப் போனஸும் போயிருக்கும். இ.எஸ்.ஐ. அட்டை இருந்து, சந்தா நாட்கள் சரியாக இருந்தால், ஆபரேஷனுக்குப் பிந்தைய ஓய்வுக்கு 70 சதவீதக் கூலி அளவில் உதவித்தொகை உண்டு, ஆண்டுக்கு 91 நாள் வரை. அவளுக்கு இது தெரியாமல் இருக்கலாம். ஒடியாவோ இந்தியோ பேசுகிறவளாக இருந்தால் தெரிய வாய்ப்பு இன்னும் குறைவு. படிவத்தை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

டாக்டர் ஆண். என்னவென்று வாய் திறந்து சொல்வது? சொல்லாமலே விட்டால் என்ன?
*- ஆரம்பாக்கம் வாசகி (முதல் கேள்வி கேட்டவரின் நாத்தனார்)*

சொல்லாவிட்டால் குழப்பம் வரும். மூத்திரப் பரிசோதனையில் ரத்த அணுக்கள் தெரிந்தால், கிட்னியில் கோளாறோ என்று இன்னொரு ஸ்கேன் எழுதுவார்கள். ஆபரேஷன் முடிந்து படுக்கை விரிப்பு நனைந்திருந்தால், உள்ளே தையல் விட்டுப்போயிற்றோ என்று நர்ஸ் பதறுவார். மாதவிலக்குக் கப் வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு, பேட் மாற்றிக்கொண்டுதான் தியேட்டருக்குப் போக வேண்டும். மயக்கத்தில் கிடக்கும்போது உள்ளே ஒன்று இருப்பது யாருக்கும் தெரியாமல் போகக் கூடாது.

கூச்சமாக இருந்தால் ரத்த அழுத்தம் பார்க்க வருகிற நர்சிடம் சொல்லுங்கள், அவர் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவார். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "சிஸ்டர், எனக்கு இன்னைக்கு பீரியட்ஸ் ரெண்டாம் நாள். மாசாமாசம் அஞ்சு நாள் போகும், கட்டி வராது. நேத்து ராத்திரி வயித்து வலிக்கு இந்த மாத்திரை போட்டேன்." மாத்திரை அட்டையைக் கையிலேயே வைத்திருங்கள்.